நின்ற இடங்களை அழித்தேன்

முட்டுக்காட்டு முகத்துவாரத்தை நடந்தே கடக்கலாம் என்று பொய் சொன்னவன் நான். வாயால் சொல்லவில்லை, ஒரு கோட்டால் சொன்னேன். கைபேசி பதிந்து கொடுத்த கோடு அது. அதன் ஒவ்வொரு புள்ளியும் நான் கால் வைத்த இடம்தான். ஆனாலும் பொய்தான். கோடை நாள் ஒன்றில், மணல் மூடிக் கிடந்த முகத்துவாரத்தின் மேல் நடந்தேன். எந்த மாதம் நடந்தேன் என்பதைச் சொல்லாமல், அங்கே எனக்குக் கிடைத்த எச்சரிக்கையையும் சொல்லாமல், எல்லா நாளுக்கும் உரிய பாதையைப் போல அதை ஊருக்குக் கொடுத்தேன். அதை நம்பி மழைக்காலத்தில் வந்த மூன்று இளைஞர்களை மீனவர்கள் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. இல்லாமல் போனதில் என் பங்கு எதுவும் இல்லை.

நடையைக் கைபேசியில் பதிந்து, படமாக்கி, மற்றவர்களுக்குக் கொடுக்கும் பழக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் பரவிவிட்டது. விடிகாலையில் ஓடுகிறவர்கள், சைக்கிளில் மாமல்லபுரம் போகிறவர்கள், கடலோரமாக நடக்கிறவர்கள் எல்லார் கையிலும் அந்த வசதி இருக்கிறது. நான் செய்ததை யாரும் எளிதாகச் செய்துவிட முடியும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை. எனக்கும் இருக்கவில்லை. எப்படிச் செய்தேன் என்பதை அதனால்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு முட்டுக்காடு என்றால் படகுத்துறைதான். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதை 1984-இல் தொடங்கியது. சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, மேற்கே விரிந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தேங்கும் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்குகிறது. கால்வாயோடு தெற்கே வந்து, இந்தக் கழியில் சேர்ந்து, பாலத்துக்குக் கிழக்கே கடலில் கலக்கிறது. தென்சென்னையில் கொட்டும் மழைக்கு இதுவே முக்கியமான வடிகால் வாசல்.

அந்த வாசல் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. கோடையில் உள்ளேயிருந்து வரத்து குறைந்ததும் அலை கொண்டுவந்து போடும் மணல் வாயை அடைத்துக்கொள்ளும். வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே மணல்திட்டு எழும்பும். அப்போது முட்டுக்காட்டுப் பக்கமிருந்து கோவளம் பக்கம் நடந்தே போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் உள்வெள்ளம் தள்ளும் தள்ளலில் திட்டு உடையும். சில ஆண்டுகளில் இயந்திரம் வைத்து வெட்டியும் விடுகிறார்கள். போன ஆண்டு உடைந்த இடத்தில்தான் இந்த ஆண்டும் உடையும் என்ற கணக்கும் கிடையாது. கடலும் கழியும் சேர்ந்து ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக வரைகிற இடம் அது. அங்கே நான் ஒரே ஒரு கோட்டைப் போட்டு, இதுதான் பாதை என்றேன்.

நடையைப் பதிய ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது வெறும் வியப்பு. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி புறப்பட்ட நேரத்துக்கும் நம் கைக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகும். மேலே பறக்கும் கடிகாரங்கள் தரையில் இருப்பவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் சார்பியலிலிருந்து வரும் கணக்கு. அதையும் சேர்த்துத் திருத்திக்கொண்டுதான் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் சாதாரண மனிதர் கையிலும் துல்லியம் வந்தது. திறந்த வானத்தின் கீழே, நல்ல கைபேசி இன்று ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். கடற்கரையை விடத் திறந்த வானம் எங்கே இருக்கிறது?

இதில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. இந்த ஏற்பாட்டில் இடம் என்பது நேரத்திலிருந்து பிறக்கிறது. நேரம் இல்லாவிட்டால் இடமே இல்லை. கைபேசி எழுதி வைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அவற்றோடு நாளும் நேரமும் நொடி சுத்தமாக இருக்கும். கோப்பு நேர்மையாகத்தான் இருந்தது.

நீலாங்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரத்தைத் துண்டு துண்டாக நடந்தேன். வாரக் கடைசியில் ஒரு துண்டு, விடுமுறை வந்தால் இன்னொரு துண்டு. உத்தண்டி, கானாத்தூர், முட்டுக்காடு, கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், சாலுவான்குப்பம் என்று மணலிலும் சவுக்குத் தோப்பிலும் கல் கொட்டிய கரையிலும் நடந்த எல்லாவற்றையும் பதிந்தேன். வீட்டுக்கு வந்ததும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெளிர்மஞ்சள் கோடுகள். பலமுறை நடந்த இடம் பளிச்சென்று எரியும், ஒருமுறை நடந்த இடம் மங்கலாகத் தெரியும். சாலையோ ஊர்ப் பெயரோ கரையோ எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் நடை மட்டுமே கடற்கரையின் வடிவத்தை வரைந்து காட்டுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்காக நான் அழித்தவற்றில்தான் தவறு இருக்கிறது.

நடக்கும்போது வரும் கோடு அழகாக இருக்கும். நின்றால் அழகு கெடும். ஓரிடத்தில் அசையாமல் நின்றாலும் கைபேசி கணக்கிடும் இடம் சில மீட்டர் அப்படியும் இப்படியும் தாவிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் நின்றால் அந்த இடத்தில் கோடு சிக்கல் விழுந்த நூல்கண்டைப் போல ஆகிவிடும். என் படங்களில் அந்தச் சிக்கல்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அழுக்கு என்றே நினைத்தேன். ஒவ்வொன்றாகத் தேடி வெட்டினேன். மீதியை நேராக்க டக்ளஸ்–பியூக்கர் முறையைப் பயன்படுத்தினேன். 1973-இல் வெளியான முறை அது. நாம் கொடுக்கும் அளவுக்குக் குறைவாக விலகும் புள்ளிகளைக் கழித்துவிட்டு, கோட்டின் பொது வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். நிலப்படம் செய்கிறவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் நல்ல கருவி. நான் அளவைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். திரும்பி வந்த தடங்களும் தயங்கிய வளைவுகளும் போயின. கடைசியில், படத்துக்கு ஆயத்தொலைவுகள் மட்டும் போதும் என்று நேரத்தையும் உதிர்த்துவிட்டுச் சேமித்தேன்.

அழித்த சிக்கல்களில் எவை இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒன்று காரிக்காட்டுக்குப்பத்தில் இருந்தது. முட்டுக்காட்டின் பழைய மீனவர் குடியிருப்பு அது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்த பிறகு மக்கள் வேறு இடத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். இடிந்த வீடுகளும் கோயிலும் மட்டும் கடலோரத்தில் நிற்கின்றன. படம் எடுக்க வருகிறவர்கள் அதைப் பேய் ஊர் என்கிறார்கள். நான் போனபோது பழைய ஊரைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மா கோயில் பக்கம் நின்றிருந்தார். எந்தச் சுவர் யார் வீட்டுச் சுவர், எந்த இடத்தில் வலை காயப் போடுவார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எந்த வழியாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள் என்று ஒவ்வோர் இடமாக நடந்து காட்டினார். நானும் கூடவே நடந்தேன். கைபேசியும் பதிந்தது. அந்த ஊரின் தெரு எப்படி இருந்தது என்பதற்கு, தெருவில் வாழ்ந்தவரே நடத்திக் காட்டிய தடம் என் கையில் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது அது கரைக்கோட்டின் ஓரத்தில் ஒரு கிறுக்கலாகத் தெரிந்தது. அழித்துவிட்டேன். மூலக்கோப்பையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தடம் இனி எங்கும் இல்லை.

இன்னொன்று முகத்துவாரத்தில் இருந்தது. சித்திரை வெயில். திட்டு அகலமாக, காய்ந்து கிடந்தது. இறங்கப் போனேன். வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். எங்கே போகிறேன் என்று கேட்டார். கோவளம் என்றேன்.

“இன்னிக்குப் போ தம்பி, ஒண்ணும் ஆவாது. மழ வந்துட்டா மட்டும் இந்தப் பக்கம் கால வெக்காத. பாக்கறதுக்கு முட்டிக்கால் தண்ணி மாதிரிதான் இருக்கும். அடியில மண்ணு ஓடினே இருக்கும், கால் நிக்காது.”

எப்போது திட்டு உடையும் என்று கேட்டேன். நாள் சொல்ல முடியாது என்றார். உள்ளே கழியில் தண்ணீர் ஏறி நிற்கும் மட்டத்தையும், வாடைக்காற்று வீசும் விதத்தையும், அலை எந்தப் பக்கம் மணலைத் தள்ளுகிறது என்பதையும் பார்த்து ஊகிக்கலாம் என்று விவரமாகச் சொன்னார். கடலில் நீர் வற்றும் நேரம்தான் ஏறும் நேரத்தைவிட ஆபத்து என்றும் சொன்னார். “உள்ள இருக்கற தண்ணி அத்தனையும் வெளிய இழுத்துனு போவும். நீந்தத் தெரிஞ்சவனையும் இழுக்கும்.” பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் கேட்டேன். பிறகு நன்றி சொல்லிவிட்டுத் திட்டைக் கடந்து கோவளம் போனேன்.

அந்த உரையாடல் நடந்த இடமும் என் கோப்பில் ஒரு சிக்கலாகத்தான் விழுந்திருந்தது. அதையும் வெட்டினேன். வெட்டிய பிறகு வடகரையிலிருந்து தென்கரைக்கு, எங்கும் நிற்காத, தயங்காத ஒரு வளைகோடு கிடைத்தது. அது என்னைப் பெருமைப்பட வைத்தது. ஏனென்றால் அதுவரை என் படம் முட்டுக்காட்டில் அறுந்து இரண்டாகக் கிடந்தது. சாலைப் பாலம் வழியாக இணைத்திருக்கலாம். ஆனால் பாலத்துக்குப் போக கடலோரத்தை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை அலையை விட்டு விலகாத ஒரே கோடு எனக்கு வேண்டியிருந்தது. அந்த ஆசைக்காகப் பெரியவர் சொன்னதை மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். மறக்கவில்லை. நன்றாக நினைவிருந்தது. படத்தில் அதற்கு இடமில்லை என்று முடிவு செய்தேன். என் குற்றத்தில் மிகக் கனமானது இந்த முடிவுதான்.

படத்தைச் சட்டம் போட்டு ஒரு சிறு கண்காட்சியில் வைத்தேன். பலர் பாராட்டினார்கள். எப்படி நடந்தீர்கள் என்று கேட்டார்கள். ஆசைப்பட்டவர்கள் பின்பற்றட்டும் என்று வழித்தடங்களைப் பகிரும் ஒரு தளத்தில் அதே கோட்டை ஏற்றினேன். கடலோரமாகவே மாமல்லபுரம் வரை நடக்கலாம் என்று தலைப்புக் கொடுத்தேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் காலணி, தொப்பி, தண்ணீர் பற்றி எழுதினேன். முகத்துவாரம் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுதினால் கோட்டின் கம்பீரம் குறைந்துவிடும் என்று தோன்றியது. எழுதாமல் விட்டதற்குச் சோம்பல் காரணமில்லை.

கார்த்திகை மாதத்தில் மூன்று இளைஞர்கள் அந்தக் கோட்டைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். முகத்துவாரத்துக்கு வந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் அதிகம் இருக்காது, வரைபடத்தில் பாதை இருக்கிறதே என்று இறங்கியிருக்கிறார்கள். முதலில் போனவரின் காலடியில் மணல் சரிந்தது. பிடிக்கப் போன இன்னொருவரும் சாய்ந்தார். கரையில் இருந்த மீனவர்கள் ஓடிவந்து கயிறு எறிந்து இழுத்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தோள் பிசகியது. கைபேசிகளும் பைகளும் கடலோடு போயின.

அவர்களில் ஒருவர் எனக்கு எழுதினார். திட்டவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, உங்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் பாதை காட்டுகிறதே, ஏதாவது பிழையா, நாங்கள்தான் தவறாகப் படித்துவிட்டோமா என்று கேட்டிருந்தார். தன் மீதே பிழை இருக்கலாம் என்று நினைத்த அந்தப் பணிவுக்கு நான் செய்தது என்ன? அன்றிரவே தளத்திலிருந்து கோட்டை எடுத்துவிட்டேன். பதில் எழுதவில்லை. எடுத்துவிட்டேன் என்று அறிவிக்கவும் இல்லை. கண் இருப்பவர்கள் தண்ணீரைப் பார்த்து இறங்க வேண்டாமா, நான் பிடித்தா தள்ளினேன் என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். கோட்டை ஏற்றும்போது என் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டவன், இறக்கும்போது பெயரில்லாமல் நழுவினேன். முதல் தவறு ஆசையால் வந்தது. இது கோழைத்தனத்தால் வந்தது. எனக்கு அதிகம் வெட்கம் தருவது இதுதான்.

தை மாதத்தில் முட்டுக்காட்டுக்குப் போனேன். அந்தப் பெரியவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். இழுத்துப் போட்டவர்களில் அவரும் இருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த இளைஞர்கள் என் கோட்டை நம்பித்தான் வந்தார்கள் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நான் அன்னிக்கே சொன்னேனே தம்பி. நீ அவங்களுக்குச் சொல்லலியா?” என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை ஐயா என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்தக் கேள்வி நான் செய்ததை முழுமையாகப் புரியவைத்தது. அவர் எனக்குக் கொடுத்தது உனக்கு மட்டும் வைத்துக்கொள் என்று கொடுத்ததல்ல. கடலோரத்தில் ஒருவர் சொல்லும் எச்சரிக்கை கேட்டவர் வழியாக அடுத்தவருக்குப் போக வேண்டியது. அவர் அப்பாவிடமிருந்தும் பாட்டனிடமிருந்தும் அப்படித்தான் அவருக்கு வந்திருக்கும். என்னிடம் வந்ததும் அது நின்றுபோனது. அவர் அறிவின் பலனை எடுத்துக்கொண்டு திட்டைப் பத்திரமாகக் கடந்தேன், அந்த அறிவை மட்டும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கொடுக்காமல் விட்டேன்.

அளப்பது என்றால் என்ன என்பதைப் பிறகு கொஞ்சம் படித்தேன். இந்தியாவை முறைப்படி அளக்கும் பெரும்பணி தொடங்கியது இங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தன் முதல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளம். நூறடி எஃகுச் சங்கிலியை மறுபடி மறுபடி நீட்டி வைத்து அளந்தார்கள். வெயில் ஏறினால் எஃகு நீளும், குளிர்ந்தால் சுருங்கும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, உள்ளே வெப்பமானிகளை வைத்து, நீட்டும்போதெல்லாம் வெப்பத்தைப் படித்துக் குறித்துக்கொண்டார்கள். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்களாக விரிந்து பின்னாளில் இமயம் வரை போன கணக்குகளுக்கு அந்தக் குறிப்புகளே ஆதாரம். நூறடி என்று எழுதினால் போதாது, எந்த வெயிலில் நூறடி என்றும் எழுத வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி ஆட்சியின் வரிக்கும் படைக்கும் உதவிய அளவை அது என்பதும் உண்மை. ஆனாலும் அளவோடு அளந்த நிலைமையையும் எழுதும் அந்த நேர்மை என்னிடம் இருக்கவில்லை. அவர்கள் பாடுபட்டுக் குறித்ததை எனக்குக் கைபேசி இலவசமாகவே குறித்துக் கொடுத்திருந்தது. நான் அதை அழித்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடுகிறவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா செயலி, 2017 நவம்பரில் உலகெங்கும் பதிவான தடங்களை ஒரே ஒளிரும் வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதில் ராணுவ முகாம்கள் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களில் ஊர்கள் இருட்டாக இருந்தன. அங்கே தங்கியிருந்த அயல்நாட்டுச் சிப்பாய்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய சுற்றுகள் மட்டும் பளிச்சென்று எரிந்தன. ராணுவ ரகசியம் கசிந்ததைத்தான் அன்று உலகம் பேசியது. நான் என் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது எனக்குப் பட்டது அந்த இருட்டு. அந்த ஊர்களில் மக்கள் நடக்காமலா இருந்தார்கள்? ஆட்டை ஓட்டிக்கொண்டும் தண்ணீர் தூக்கிக்கொண்டும் அவர்கள் நடந்த பாதைகள் எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

என் படமும் அப்படித்தான். விடிவதற்கு முன் வலையைத் தூக்கிக்கொண்டு கோவளம் கரையில் நடக்கிறவர்களின் தடம் அதில் இல்லை. கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் தடம் இல்லை. மீன்கூடையோடு சாலைக்கு ஏறும் பெண்களின் குறுக்குப்பாதை இல்லை. வாழ்நாள் முழுவதும் அந்தக் கரையில் நடப்பவர்கள் இருட்டில் இருந்தார்கள். எப்போதாவது வந்துபோகும் நான் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தேன். கரைக்கு வடிவம் கொடுத்தது என் நடை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை இருந்ததால்தான் பெரியவரின் சொல்லை அழுக்கு என்று என்னால் வெட்ட முடிந்தது.

இவர்களுடைய தடங்களையும் வாங்கி வரைந்துவிடலாமா என்று யோசித்தேன். கழியில் இறால் தடவும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். “அதப் போட்டா எல்லாரும் வந்துடுவாங்க சாமி” என்றார். அவர் சொன்னது சரி. எல்லாத் தடமும் வெளிச்சத்துக்கு வரவேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தடங்களை நான் வரையவில்லை, வரைய மாட்டேன்.

அந்த இளைஞருக்குக் கடைசியில் பதில் எழுதினேன். பிழை உங்களுடையதில்லை, என்னுடையது என்று எழுதி, அதை எப்படிச் செய்தேன் என்பதையும் எழுதினேன். இவ்வளவு தாமதமாக ஏன் எழுதுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சுருக்கமாகப் பதில் போட்டார். மன்னித்தாரா என்று தெரிந்துகொள்ள நான் கேட்கவில்லை. அதைக் கேட்பது இன்னொரு சுமையை அவர் தலையில் ஏற்றுவதாகும். கோட்டை எடுத்த அதே தளத்தில், அதே பெயரில், அது ஏன் தவறு என்று ஒரு குறிப்பும் போட்டேன்.

நடக்கிறேன். இப்போதும் பதிகிறேன். பதிவதை விட்டுவிடுவது தண்டனையாக இருக்கலாம், பரிகாரம் ஆகாது. இப்போது கோப்பில் எதையும் வெட்டுவதில்லை. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, படத்துக்கு வேறு பிரதி எடுக்கிறேன். பிறருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கோட்டிலும் நடந்த நாள் இருக்கும். முகத்துவாரம் மூடியிருந்ததா, திறந்திருந்ததா, மழை பெய்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்பதும் இருக்கும். நின்ற இடங்களை இப்போது வட்டமாகக் காட்டுகிறேன். நின்ற நேரம் கூடக் கூட வட்டம் பெரிதாகும். சொன்னவர் சம்மதித்தால் அவர் சொன்னதைச் சொன்னபடியே பக்கத்தில் எழுதுகிறேன். படம் முன்போல அழகாக இல்லை. கோடுகள் தடிப்பும் முடிச்சுமாகக் கிடக்கின்றன. பார்க்கிறவர்கள் ஒரு நொடியில் பார்த்துவிட்டுப் போவதில்லை. நின்று படிக்கிறார்கள்.

2004-இல் தொடங்கி உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடங்களில் ஒரு நீர்வழி பருவத்துக்குப் பருவம் மாறும் என்று குறிக்க வசதி உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டிய பொறுப்பு வரைகிறவருடையது. ஆனால் தேதி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சித்திரையில் நடந்தேன் என்று எழுதினாலும் அடுத்த சித்திரையில் திட்டு அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு என் கோடு உத்தரவாதம் ஆகாது. அது ஒரு நாளின் சாட்சி. ஒரு நாளுக்கு மேல் சாட்சி சொல்ல அதற்கு உரிமை இல்லை. அந்த உரிமை கரையிலேயே இருந்து தினமும் பார்க்கிறவர்களுக்குத்தான் இருக்கிறது.

ஒரு காரியத்தை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. கோடு தளத்தில் இருந்த காலத்தில் பலர் அதை இறக்கி வைத்துக்கொண்டார்கள். யார் யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நான் எடுத்துவிட்டேன் என்பதால் அவர்கள் கைபேசியிலிருந்து அது போய்விடாது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பியிருக்கலாம். தேதி இல்லாத கோடு என்பதால் பழையது என்றுகூடத் தெரியாது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை கடலை விட்டு விலகாமல் போகும் கோடு ஒன்று உங்களிடம் இருந்தால், முட்டுக்காட்டில் அது தண்ணீரின் குறுக்கே போகிறதா என்று பாருங்கள். போனால் அது நான் போட்டதாக இருக்கலாம். அழித்துவிடுங்கள். உங்களுக்கு அனுப்பியவரையும் அழிக்கச் சொல்லுங்கள். அங்கே நடந்து போகிறவர்கள் முகத்துவாரத்துக்கு முன்னால் நின்று, கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம், திரும்பிச் சாலைக்கு ஏறிப் பாலத்தின் மேல் போங்கள். கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.